குழாய்க்குப் பின்னால் இருக்கும் வேலைகள்
உள்ளாட்சிக் குடிநீர்ப் பணிகள்: பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஒரு வழிகாட்டிப் பாடம்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் காலத்தில் நம் வீடுகளில் ஒரே கேள்விதான்: "அடுத்து என்ன?" வசதி உள்ள வீட்டில் பொறியியல், மருத்துவம் என்று பேச்சு போகும். வசதி குறைந்த வீட்டில், "ஐ.டி.ஐ. முடிச்சுட்டு சவூதிக்கோ துபாய்க்கோ போகட்டும்" என்று முடிந்துவிடும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தால் வீடு கட்டியவர்களும், தங்கைகளைக் கட்டிக்கொடுத்தவர்களும் நம்மில் நிறைய. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதே பிட்டர் படிப்பும், அதே எலக்ட்ரீஷியன் சான்றிதழும் நம் ஊர் எல்லைக்குள்ளேயே ஒரு கண்ணியமான வேலைக்கு வழி திறக்கும் என்பதை எத்தனை வீடுகளில் பேசுகிறோம்?

அப்படி ஒரு துறைதான் குடிநீர். காலையில் குழாயைத் திறக்கிறோம். பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்கிறோம். தண்ணீர் வராத நாளில் மட்டும்தான் அதற்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வருகிறது. அந்த ஆட்கள் யார், என்ன படித்தவர்கள், எப்படி வேலைக்கு வந்தவர்கள் என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

1. தண்ணீர் வரும் வழியில் யார் யார் நிற்கிறார்கள்?

ராமநாதபுரம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. அதனால் திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுக்கப்படும் தண்ணீர், புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து, கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் இங்கே வந்து சேர்கிறது. அந்தத் தண்ணீரோடு நாமும் நடந்து பார்ப்போம்.

முதலில் ஆற்றுப் படுகையில் உள்ள நீர்சேகரிப்புக் கிணறு. மணலே வடிகட்டியாக வேலை செய்து, தண்ணீர் கிணற்றுக்குள் வருகிறது. கிணற்றை வடிவமைப்பவர், குழாயின் விட்டத்தைக் கணக்கிடுபவர், வேலையை மேற்பார்வை பார்ப்பவர் எல்லாம் சிவில் படித்த பொறியாளர்கள்.

அடுத்து நீரேற்று நிலையம். பெரிய மோட்டார்கள் இரவும் பகலும் ஓடும் இடம். இங்கே எலக்ட்ரீஷியன், பம்ப் மெக்கானிக், பிட்டர் ஆகியோர் முறை வைத்து வேலை பார்க்கிறார்கள். இவர்களுக்கு மேலே மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ அல்லது பட்டம் பெற்றவர்கள்.

பிறகு குளோரின் கலக்கும் இடமும் பரிசோதனைக் கூடமும். இங்கே வேதியியல் படித்தவர்களுக்கு வேலை. தண்ணீரின் உப்புச் சத்து, புளோரைடு, கிருமி ஆகியவற்றைச் சோதித்து, "இது குடிக்கத் தகுந்தது" என்று கையெழுத்துப் போடும் பொறுப்பு அவர்களுடையது.

வழியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாய். எங்கோ ஓரிடத்தில் சாலை தோண்டும்போது உடையும். எங்கோ ஒரு வால்வு கசியும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய பிட்டரும் வெல்டரும் வேண்டும்.

கடைசியில் நம் ஊர் மேல்நிலைத் தொட்டி. மோட்டாரைப் போட்டு, தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கலந்து, தெருவாரியாக வால்வைத் திறந்துவிடுபவர் ஒருவர். புது இணைப்புக்கு விண்ணப்பம் வாங்குபவர், குடிநீர்க் கட்டணம் வசூலிக்கும் வரித்தண்டலர், கணக்கு எழுதும் இளநிலை உதவியாளர் ஆகியோர் அலுவலகத்தில்.

ஆக, ஒரு குடம் தண்ணீருக்குப் பின்னால் பத்தாம் வகுப்பு முதல் பொறியியல் பட்டம் வரை எல்லாப் படிப்புக்கும் இடம் இருக்கிறது.

2. வேலை கொடுப்பவர் யார்?

இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நான்கு அமைப்புகளைத் தனித்தனியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சென்னைப் பெருநகரில் குடிநீரையும் கழிவுநீரையும் பார்ப்பது சென்னைக் குடிநீர் வாரியம். 1978இல் தொடங்கப்பட்டது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலிருந்தும் இந்த வாரியத்துக்குத் தண்ணீர் வருகிறது.

சென்னை தவிர்த்த மற்ற மாவட்டங்களுக்கு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். 1971இல் ஏற்பட்டது. பெரிய திட்டங்களைக் கட்டுவதும், பல ஊர்களுக்குப் பொதுவான கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைப் பராமரிப்பதும் இதன் முக்கிய வேலை.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் ஊருக்குள் தண்ணீரைப் பகிர்ந்து கொடுப்பது அந்தந்த உள்ளாட்சியின் பொறுப்பு. அங்கும் பொறியாளர் பிரிவும் அலுவலகப் பிரிவும் உண்டு.

கிராமங்களில் ஊராட்சி. தொட்டி இயக்குபவரை ஊராட்சியே வைத்துக்கொள்கிறது. ஊதியம் குறைவு, வாரியத்தில் தேர்வு எழுதிச் சேர்ந்த நிரந்தரப் பணியோடு இதை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீரேற்று நிலையங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் இயக்கப்படுகின்றன. அங்கே வேலை பார்ப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. அரசு ஊழியர் அல்ல. சேர வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் வேலை பழக நல்ல இடம்தான். ஆனால் சேரும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பணி நியமனக் கடிதம் உண்டா? வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. அட்டை தருவார்களா? வைப்பு நிதிக் கணக்கில் பணம் சேருகிறதா என்பதைக் கைபேசியிலேயே பார்க்கலாம்.

3. எந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கும்?

பத்தாம் வகுப்பு முடித்தவுடன் ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், பம்ப் ஆப்பரேட்டர், கருவி மெக்கானிக் போன்ற பிரிவுகள் குடிநீர்த் துறைக்கு நேராகப் பொருந்தும். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணச் சுமை கிடையாது என்றே சொல்லலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்வி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேரும் பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தகுதியுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் சேர்க்கையின்போதே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஐ.டி.ஐ.யோடு படிப்பு நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏறுவதற்கு இது நல்ல ஏணி.

பாலிடெக்னிக்கில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பாடங்கள். பட்டப்படிப்பில் அதே பிரிவுகளோடு சுற்றுச்சூழல் பொறியியலும், பரிசோதனைக் கூடத்துக்கு வேதியியலும். வணிகவியல் படித்தவர்களுக்குக் கணக்குப் பிரிவு.

தேர்வுக்கு வருவோம். வாரியங்களின் பணியிடங்களும் இப்போது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், அதாவது டி.என்.பி.எஸ்.சி. மூலம் நிரப்பப்படும் வகையில் 2022இல் சட்டம் வந்துவிட்டது. தொழில்நுட்பப் பணிகளுக்குப் பட்ட நிலையில் ஒன்றும், டிப்ளமோ, ஐ.டி.ஐ. நிலையில் ஒன்றுமாக ஒருங்கிணைந்த தேர்வுகள் நடக்கின்றன. இளநிலை உதவியாளர், வரித்தண்டலர் போன்ற பணிகளுக்கு குரூப் 4. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம்.

இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய்; உதவிப் பொறியாளருக்கு 37,700 ரூபாய். அகவிலைப்படியும் மற்றப் படிகளும் தனி.

4. தமிழை லேசாக எண்ணாதீர்கள்

தேர்வாணையத்தின் இந்தத் தேர்வுகளில் தமிழ்த் தகுதிப் பகுதி கட்டாயம். பத்தாம் வகுப்புத் தரம்தான். ஆனால் அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால், மற்றப் பகுதிகளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் விடைத்தாள் கணக்கில் வராது.

இது நம் சமுதாயத்தில் இரண்டு வகைப் பிள்ளைகளைத் தடுக்கும். ஒன்று, வீட்டில் உருது பேசி, பள்ளியிலும் தமிழை மேலோட்டமாகப் படித்த பிள்ளைகள். இரண்டு, தந்தையோடு வளைகுடாவில் வளர்ந்து, அங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில் தமிழே இல்லாமல் படித்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள். கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். ஒரு பத்தியைத் தமிழில் பிழையின்றி வாசிக்கத் திணறுவார்கள். இவர்களுக்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள அரசுத் தமிழ்ப் பாடநூல்களே போதும். ஒரு நாளைக்கு அரைமணி நேரம், ஒரு வருடம். மாலை மதரஸா முடிந்த பிறகு அதே இடத்தில் ஒரு தமிழ் வகுப்பு நடத்த எந்த ஜமாஅத்துக்கும் பெரிய செலவு ஆகாது.

முழுக்கத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழைப் படித்த பள்ளிகளிலிருந்து வாங்கி வைத்திருக்க வேண்டும்.

5. நமக்கு உள்ள இட ஒதுக்கீடும், அதற்கான காகிதமும்

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. 200 இடம் என்றால் 7 இடம். பட்டியலில் உள்ள பிரிவுகள் ஏழு: அன்சார், தக்கானி முஸ்லிம், துதேகுலா, லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். ராவுத்தரும் மரைக்காயரும் லப்பைப் பிரிவுக்குள் வருகிறார்கள். பேசும் மொழி தமிழானாலும் உருதுவானாலும் சரி. மாநில ஒதுக்கீட்டில் வருமான வரம்பும் கிடையாது.

இந்த 7 இடத்தோடு நம் கணக்கு முடிந்துவிடவில்லை. பொதுப்பிரிவான 31 விழுக்காட்டிலும் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணால் இடம் பிடிக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் பெண்களுக்கு 30 விழுக்காடு. பரிசோதனைக் கூடம், வடிவமைப்பு, கணக்கு, அலுவலகம் என்று பெண்கள் வேலை பார்க்கும் இடங்கள் இத்துறையில் நிறைய. "பெண்பிள்ளைக்கு ஆசிரியர் வேலை மட்டும்தான் ஏற்றது" என்று நினைக்கும் பெற்றோர், வேதியியல் படிக்கும் மகளிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

ஆனால் ஒதுக்கீடு காகிதத்தில்தான் நிற்கிறது. சாதிச் சான்றிதழில் வெறுமனே "இஸ்லாம்" என்றோ "முஸ்லிம்" என்றோ இருந்தால் பயனில்லை. எந்தப் பிரிவு என்பதும், பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம்.

அடுத்த சிக்கல் பெயர். பிறப்புச் சான்றில் முகமது, பள்ளிச் சான்றில் முஹம்மது, ஆதாரில் மொஹமது. ஆங்கில எழுத்தில் இன்னும் இரண்டு விதம். தந்தையின் பெயர் ஒன்றில் முழுதாக, மற்றொன்றில் முதலெழுத்து மட்டும். தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகும் நாளில் இது ஓர் இளைஞனின் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன் பள்ளியிலேயே சரிபார்த்துவிட்டால் பிற்காலத்தில் அலைச்சல் மிச்சம். காலம் கடந்திருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அதன்படி மற்ற ஆவணங்களைத் திருத்திக்கொள்ளலாம்.

தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு மூன்று தேர்வுகள் வரை தேர்வுக் கட்டணச் சலுகை உண்டு. விண்ணப்பத்தில் அதைக் கோர மறக்க வேண்டாம்.

6. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இந்த வேலை எப்படிப்பட்டது என்று பிள்ளைகளுக்குப் புரிய, நான்கு கணக்குகள். பேனா எடுத்து அவர்களே போடட்டும்.

ஒன்று: கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அளவு. 3,000 பேர் உள்ள ஊருக்கு எவ்வளவு? 1,65,000 லிட்டர்.

இரண்டு: மணிக்கு 20,000 லிட்டர் தரும் மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும்? எட்டே கால் மணி நேரம். நாளெல்லாம் மின்தடை இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

மூன்று: ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் வேண்டும் என்றால் 200 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் 600 கிராம் பவுடர் தேவை. மூட்டை திறந்தே கிடந்து வீரியம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டால்? அப்போது ஒரு கிலோ வேண்டும். கண்ணளவில் அள்ளிப் போடுபவருக்கும் கணக்குத் தெரிந்தவருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரியும்.

நான்கு: தொட்டித் தண்ணீரின் உயரம் தரையிலிருந்து 15 மீட்டர் என்றால் கீழே குழாயில் அழுத்தம் எவ்வளவு? 10 மீட்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. ஆகவே ஒன்றரைக் கிலோ. தண்ணீர் ஓடும்போது உராய்வில் இதிலும் குறையும். அதனால்தான் கடைசித் தெருவில் தண்ணீர் நூல் போல வருகிறது.

கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. அது இல்லையென்றால் வழியில் எங்கோ சாக்கடை கலந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் முதலில் தாக்குவது குழந்தைகளைத்தான். ஒரு தெருவின் நலம் ஒருவருடைய கையில் இருக்கிறது. உதுமான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்குக் கொடுத்த வரலாற்றை நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். ஊருக்குத் தூய தண்ணீரைத் தவறாமல் கொண்டுசேர்ப்பவரும் அந்த வழியில் ஒரு சிறு பங்கைச் செய்பவர்தான். ஹலாலான சம்பளமும் சேர்ந்து கிடைக்கிறது.

7. ஆபத்துகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

குளோரின் வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் தங்கும். காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகி, மேடான இடத்துக்குப் போக வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். மோட்டார் அறையில் ஈரக்கையும் வெறுங்காலும் கூடாது.

கழிவுநீர்ப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் நச்சு வாயுவால் உயிர்கள் போயிருக்கின்றன. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதனைக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்து, தண்டனையும் விதிக்கிறது. எந்த மேஸ்திரி சொன்னாலும், எவ்வளவு கூலி தந்தாலும் இறங்கக் கூடாது. வேறொருவரின் பிள்ளையை இறங்கச் சொல்லவும் கூடாது. நம் வீட்டு செப்டிக் டேங்குக்கும் இதே சட்டம்தான்.

இன்னோர் ஆபத்து வீட்டு வாசலுக்கே வருகிறது. "குடிநீர் வாரியத்தில் ஆள் எடுக்கிறார்கள், மூன்று லட்சம் கொடுத்தால் ஆர்டர் கையில்" என்று சொல்லி வருபவர். தாயின் நகையை அடகு வைத்து, அக்காவின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. பணம் போவதோடு முடிவதில்லை. வெட்கத்தால் வெளியே சொல்ல முடியாமல் குடும்பமே ஒடுங்கிப் போகிறது. அரசு வேலைக்கு அறிவிப்பு, எழுத்துத் தேர்வு, தரவரிசை, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று வழி இருக்கிறது. இடையில் பணம் கேட்பவர் யாராயினும் மோசடிக்காரர். வேலைக்காக லஞ்சம் கொடுப்பது மார்க்கத்திலும் கூடாது, சட்டத்திலும் குற்றம். அந்த மூன்று லட்சம் கையில் இருந்தால், இரண்டு பிள்ளைகளை நிம்மதியாகப் பாலிடெக்னிக் படிக்க வைத்துவிடலாம்.

8. இந்த மாதமே செய்ய வேண்டியவை

- பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், சாதிச் சான்று நான்கையும் ஒன்றாக வைத்து, பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.
- தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையைப் பதிவிறக்கி, படித்த இளைஞர் ஒருவர் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கடைசித் தேதிகளைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.
- ஐ.டி.ஐ. முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளை, தொழிற்பழகுநர் பயிற்சிக்குப் பதிவு செய்யட்டும். ஓராண்டுப் பயிற்சியும் அதற்கான தேசியச் சான்றிதழும் எங்கே போனாலும் உதவும்.
- வளைகுடாவில் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் நீரேற்று நிலையங்களிலும் வேலை பார்ப்பவர்கள், ஊர் திரும்பும் முன் அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வாருங்கள். விடுமுறையில் வரும்போது ஒரு மாலை நம் பிள்ளைகளிடம் அந்த வேலையைப் பற்றிப் பேசுங்கள்.
- ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஊர் நீரேற்று நிலையத்துக்கு அனுமதி வாங்கி ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பார்த்தால்தான் ஆசை வரும்.

பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம் என்பது உண்மை. முதல் முறையே எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆனால் விண்ணப்பிக்காதவருக்கு ஒருபோதும் கிடைக்காது. நம் பிள்ளைகளிடம் திறமை இருக்கிறது, ஒதுக்கீடும் இருக்கிறது. நேரத்தில் தகவலும், பிழையில்லாத காகிதமும் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் பெற்றோராகிய, ஜமாஅத்தாராகிய நாம்தான். இன்ஷா அல்லாஹ், அடுத்த அறிவிப்பு வரும்போது நம் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு விண்ணப்பமாவது போகட்டும்.